பதினான்காம் கேள்வி

நவம்பர் 25, திங்கள்

காலையில் பிரஷர் 160/100. தினமும் பார்த்து ஒரு நோட்டில் குறித்துவைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதற்கு ஒரு வரி போதும். மீதிப் பக்கத்தை என்ன செய்வது என்று காலையில் யோசித்தேன். சாயங்காலம் அந்தக் கவலை தீர்ந்துவிட்டது.

மழை நின்று ஐந்து நாள் ஆகிறது. எங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியின் தூத்துக்குடி கிளைக்கு மட்டும் ஆயிரத்துச் சொச்சம் கிளெய்ம் வந்து குவிந்திருக்கிறது. கடை, பட்டறை, குடோன், எல்லாம் தண்ணீரில் மூழ்கியவை. பத்து மணிக்கு மீட்டிங். சென்னையிலிருந்து வந்திருக்கும் புது மேனேஜர் நிஷாந்த் திரையில் ஒரு படிவத்தைக் காட்டினார். "இனிமே ஒரு இடத்துக்கு ஒன்பது நிமிஷம்தான். இருபத்தெட்டு கேள்வி. டேப்ல டிக் பண்ணா போதும், கிளெய்ம் உண்டா இல்லையான்னு சிஸ்டமே சொல்லிடும்" என்றார். அதற்கு 'ஒன்பது நிமிட முறை' என்று பெயர். கீழே அவருடைய பெயர்.

அது என் படிவம். ஏழு பக்கமாக இருந்ததை மூன்று வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒரே பக்கமாக்கியது நான். கேள்விகளின் வரிசைகூட மாறவில்லை. பதினேழாம் கேள்வியில் 'சுவற்றில்' என்று நான் விட்ட பிழையைக்கூட அப்படியே எடுத்திருக்கிறான். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அதுதான் இன்னும் எரிகிறது.

நவம்பர் 26, செவ்வாய்

பிரஷர் பார்க்கவில்லை.

நேரில் போய்ப் பார்க்க ஆள் போதாது என்று ஆறு பேரைத் தற்காலிகமாக எடுத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க நான் வேண்டுமாம். படிவத்தில் போட என் பெயர் வேண்டாம், சொல்லிக்கொடுக்க என் தொண்டை வேண்டும். இரண்டு மணி நேரம் கத்தினேன். ஷர்மிளா என்று ஒரு பெண், பி.காம். முடித்தவள், ஒவ்வொரு கேள்விக்கும் "இது எதுக்கு மேடம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "யோசிக்காத. பாத்தத டிக் பண்ணு. யோசிச்சா ஒரு நாளைக்கு ஆறு கடைதான் முடியும்" என்றேன்.

மத்தியானத்துக்கு மேல் நானும் கிளம்பினேன். ஸ்கூட்டர் தண்ணீர் குடித்து இருமுகிறது. பன்னிரண்டு இடம் பார்த்தேன். பத்தொன்பது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஒரு கடைக்குள் நுழைந்ததும் மூக்கே சொல்லிவிடும், எவ்வளவு நிஜம், எவ்வளவு பொய் என்று.

நவம்பர் 27, புதன்

துவைத்தது எதுவும் காயவில்லை. இருபத்திரண்டு இடம்.

நவம்பர் 29, வெள்ளி

இந்தப் பிராந்தியத்திலேயே எங்கள் கிளைதான் முதலாம். நிஷாந்த் கேக் வெட்டினார். ஐந்து நாளில் பாதிக்கு மேல் முடித்துவிட்டோமாம். 'முடித்தது' என்றால் கொடுத்ததும் உண்டு, தள்ளுபடி செய்ததும் உண்டு. இரண்டும் ஒரே எண்ணிக்கையில்தான் வரும்.

நேற்று ராத்திரி வீட்டில் புலம்பினேன். என் வீட்டுக்காரர் லூர்துராஜ் பீரோவின் அடித்தட்டைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். ஊறிப்போய்விட்டது. "ஒன் ஃபார்முன்னா போய்க் கேளேன். எங்கிட்ட கத்தி என்ன செய்ய?" என்றார்.

கேட்டேன். நிஷாந்த் வாயில் கேக்கோடு சிரித்தார். "யார் எழுதினா என்ன மேடம்? டீம்தானே?"

என் வாயில் வந்ததை இந்த நோட்டில் எழுதமாட்டேன்.

டிசம்பர் 2, திங்கள்

பதினொரு மணிக்கு ஓர் அம்மாள் நேராக என் மேஜைக்கு வந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பெயர் சொர்ணத்தாய். மேலத் தெருவில் மாவு மில் வைத்திருக்கிறாள். மூன்று மெஷின், அரிசிக்கு ஒன்று, கோதுமைக்கு ஒன்று, மிளகாய்க்கு ஒன்று. மூன்று நாள் இடுப்பளவுத் தண்ணீரில் கிடந்தவை. அவளுக்குத் தள்ளுபடி என்று போனில் செய்தி போயிருக்கிறது. அதைக் கடையில் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"இத வாசிங்க மேடம். எனக்குக் கண்ணு தெரியலன்னு இல்ல. நீங்க வாசிச்சு நான் கேக்கணும்."

வாசித்தேன். பொருட்கள் தரைமட்டத்திலிருந்து ஆறு அங்குல உயரத்தில் வைக்கப்படாததால் நிபந்தனை மீறல்.

"ஆறு இஞ்சி உசரத்துல வைக்கலன்னு போட்டிருக்கிய. போல்ட்டு போட்டுத் தரையில எறக்குன மெஷின நான் எங்க வைக்க? உறியில தொங்கவிடவா?"

ஆபீஸில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. சிரித்தவர்கள்மீது அல்ல, இவள்மீது. எல்லோர் முன்னாலும் வந்து இப்படிக் கத்துகிறாளே என்று. "கத்தாதீங்கம்மா. ரூல் கம்பெனி போட்டது. எழுதிக் குடுங்க, மேல அனுப்புறோம்" என்றேன்.

"எழுதிக் குடுத்தா மெஷினு ஓடுமா? தெருவுல எல்லாரும் பாக்கெட் மாவு வாங்க ஆரம்பிச்சுட்டா. பேங்குல லோன் குடுக்கும்போது இன்சூரன்ஸு கட்டாயம்னு சொன்னாவ. கட்டுனேன். நாலு வருசம் ஒரு நாள் பிந்தல. நீங்க பாக்க வந்தது எம்புட்டு நேரம் தெரியுமா? நான் மோர் கலக்கி எடுத்துட்டு வாரதுக்குள்ள அந்தப் பிள்ள போயிட்டு."

அவள் போன பிறகு பைலைத் திறந்தேன். ஷர்மிளா பார்த்த இடம். பதினான்காம் கேள்வி: 'பொருட்கள் / இயந்திரங்கள் ஆறு அங்குல உயரத்தில் இருந்தனவா?' இல்லை என்று டிக். சிஸ்டம் உடனே தள்ளுபடி.

அந்த நிபந்தனை சரக்குக்கு மட்டும்தான். மூட்டை, பெட்டி, துணிக்கட்டு. அவற்றைத் தரையில் போட்டு வைக்கக் கூடாது. மெஷினுக்கு அது பொருந்தாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அறிவுகெட்டவள், ஆம் என்று போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்க வேண்டாமா? நான் மூன்று வருஷமாக அப்படித்தானே செய்கிறேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

ஷர்மிளாவைக் கூப்பிட்டு வைத்துக் கிழித்தேன். நின்று கேட்டாள். கடைசியில், "இயந்திரம் தரையிலதான் மேடம் இருந்துச்சு. இல்லன்னுதானே போட முடியும்? நீங்கதான் யோசிக்காத, பாத்தத டிக் பண்ணுன்னு சொன்னிய" என்றாள்.

என்ன நாக்கு!

பதினான்கில் 'இல்லை' விழுந்த பைல்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு. அதில் சரக்குக்கானவை போக, வெறும் இயந்திரம் மட்டும் எண்பத்தேழு. லேத் பட்டறை, ஜெராக்ஸ் கடை, தையல் கடை, ஐஸ்கிரீம் பெட்டி, சலூன் நாற்காலிகூட இருக்கிறது. எல்லாம் தள்ளுபடி. எல்லாம் ஒன்பது நிமிடத்துக்குள்.

இது நிஷாந்த் செய்த வேலை. திருடியதோடு விட்டானா? சரக்குக்கு ஒரு கேள்வி, இயந்திரத்துக்கு ஒரு கேள்வி என்று தனித்தனியாக இருந்ததை ஒன்றாக்கியிருக்கிறான். சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

டிசம்பர் 4, புதன்

165/100.

கதவைத் தட்டாமல் உள்ளே போனேன். எண்பத்தேழு பேரின் பட்டியலை மேஜையில் வைத்தேன். நிஷாந்த் அதைத் தொடவில்லை. "மேடம், இதெல்லாம் க்ளோஸ் ஆன பைல். திருப்பி ஓப்பன் பண்ணா நம்ம நம்பர் என்ன ஆகும்? பன்னெண்டாம் தேதி மும்பைல இருந்து ரிவ்யூ இருக்கு."

"கேள்விய மாத்தினது நீங்கதான?"

"நான் ஒரு எழுத்துகூட மாத்தலைங்க. உங்க கிளைல இருந்து வந்த படிவம் அப்படித்தான் இருந்துச்சு."

பொய் சொல்லாதே என்று கத்தினேன். வெளியே டைப் அடிக்கிற சத்தம் நின்றது. நாளைக்குப் பழைய படிவத்தை ரெக்கார்டு ரூமிலிருந்து எடுத்து அவன் முகத்தில் வீசுகிறேன்.

டிசம்பர் 5, வியாழன்

ரெக்கார்டு ரூமில் கீழ்த்தட்டு எல்லாம் நனைந்து ஒட்டிக்கிடக்கிறது. அட்டெண்டர் பேச்சிமுத்து அண்ணன் ஏணி போட்டு மேல்தட்டிலிருந்து ஒவ்வொரு கட்டாக இறக்கிக் கொடுத்தார். தூசியில் தும்மித் தும்மித் தலை கனத்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முந்தைய கட்டும் கிடைத்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுக் கட்டி வைத்துவிட்டேன்.

பேச்சிமுத்து அண்ணன் ஏணியிலிருந்தே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "டீ வாங்கியாரட்டா மேடம்?" என்றார். இத்தனை வருஷத்தில் அவராகக் கேட்டதே இல்லை.

நிஷாந்திடம் இன்று போகவில்லை. அவருக்கு வேறு மீட்டிங் இருந்தது.

டிசம்பர் 6, வெள்ளி

மீன்காரன் ஐஸில் கிடந்த பழைய சீலாவைத் தலையில் கட்டிவிட்டான். லூர்துராஜ் பார்த்து வாங்கியிருக்கக் கூடாதா? தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "நீ மீனுக்காகவா கத்துத?" என்றார். வேறு எதற்குக் கத்துகிறேனாம்? கேஸ் சிலிண்டர் வரவில்லை. பால் திரிந்துவிட்டது. இந்த ஊரில் ஒருவனுக்கும் வேலையை ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை.

டிசம்பர் 7, சனி

ஆபீஸ் லீவு. மேலத் தெருவுக்குப் போனேன்.

சொர்ணத்தாயின் மில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் ஊறிய மாவும் மிளகாயும் புளித்த வாடை தொண்டையைப் பிடித்தது. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பழைய பிரஷ்ஷால் அரவைக் கல்லின் இடுக்கிலிருந்து சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மோட்டார்களைக் கழற்றித் துணி விரித்து வரிசையாக வைத்திருந்தாள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு என் இடுப்புக்கு மேலே.

"மறுபடி டிக் அடிக்க வந்தியளா?"

"இல்லம்மா. நானே பாக்க வந்தேன்."

பார்த்தேன். ஒவ்வொரு மெஷினாக, ஒவ்வொரு பெல்ட்டாக. படம் எடுத்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. அவள் கணவர் இறந்த பிறகு தனியாகப் பதினோரு வருஷம் இதை நடத்தியிருக்கிறாள். மோட்டாரை மறுபடி கட்டினால் மூன்றும் ஓடும். அதற்குக் கையில் காசு இல்லை. கட்டடத்துச் சொந்தக்காரர், ஒன்று நடத்து, இல்லை காலி செய் என்கிறார். பழைய இரும்புக்கடைக்காரர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

"விக்காதீங்கம்மா. பன்னெண்டாம் தேதி மீட்டிங் இருக்கு. ஒங்க பைல திருப்பி எடுக்கப் பாக்கேன்."

"அன்னைக்கு ரூலுன்னிய. இன்னைக்கு விக்காதங்கிய. எத நம்ப?" பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். "ஒண்ணு கேக்கேன். மாவு மெஷின உசத்தி வைக்கலியான்னு கேக்க அந்தக் கேள்விய எவன்மா எழுதுனான்? அவன் ஒரு நாளாவது மில்லுக்குள்ள காலெடுத்து வச்சிருப்பானா?"

தெரியல என்று சொன்னேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். பூசையில் மனம் நிற்கவில்லை. இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை. எழுதிவிடுகிறேன்.

நான்தான். வியாழக்கிழமை ரெக்கார்டு ரூமில் பார்த்தேன். பழைய படிவத்தில் பதினான்கு, பதினைந்து என்று தனித்தனியாக இருந்த இரண்டு கேள்விகளையும் நீல மையால் அடித்து ஒன்றாக்கியிருக்கிறது. என் கையெழுத்து. ஓரத்தில், 'ஒரு நிமிடம் மிச்சம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். எவ்வளவு சந்தோஷமாகப் போட்டிருக்கிறேன், அந்தக் கோட்டை!

எங்கே ஆம் போட வேண்டும், எங்கே இல்லை போட வேண்டும் என்பது என் தலைக்குள் இருந்தது. தாளில் இல்லை. தாளை மட்டும் ஆறு பேரிடம் கொடுத்து யோசிக்காதே என்று சொன்னதும் நான்தான்.

டிசம்பர் 9, திங்கள்

ஒன்பது நிமிடத்தில் தள்ளியதை மூன்று நாளில் திருப்பிப் பார்க்க வேண்டும். எண்பத்தாறு இடம் பாக்கி. ஷர்மிளாவிடம் போய், "அன்னைக்கு நீ சொன்னது சரி. நான் ஏசினது தப்பு" என்றேன். அவள் முகம் இளகவில்லை. "எந்தத் தெருவுல இருந்து ஆரம்பிக்கணும் மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

தெருவாரியாகப் பிரித்தோம். அவள் படமும் அளவும் எடுப்பது, நான் கேட்டு எழுதுவது. எந்த இடத்தில் எதைப் பார்க்க வேண்டும், எதற்காகப் பார்க்க வேண்டும் என்று போகும் வழியிலேயே சொன்னேன். அதைத் தெரிந்துகொண்ட பிறகு அவள் என்னைவிட வேகம். இன்று முப்பத்தொன்று.

டிசம்பர் 10, செவ்வாய்

முப்பது. ஒரு தையல் கடைக்காரர் எங்களை உள்ளே விடவே இல்லை. வெளியே நின்று ஜன்னல் வழியாகப் படம் எடுத்தோம். நிஷாந்த் போனில் ஐந்து தடவை. எடுக்கவில்லை.

டிசம்பர் 11, புதன்

இருபத்தைந்து. முடிந்தது. காலில் சேற்றுப்புண்.

டிசம்பர் 12, வியாழன்

திரையில் மும்பையிலிருந்து மூன்று பேர். நிஷாந்த் எண்களை வாசித்தார். அவர்கள் தலையாட்டினார்கள். எண்பத்தேழு பைல்களைப் பற்றி அவரே ஆரம்பித்தார். நான் விடமாட்டேன் என்று தெரிந்துவிட்டது போலிருக்கிறது. தற்காலிக ஊழியர்கள் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை, அவர்களை நிறுத்திவிட்டு வேறு ஆள் எடுக்கிறோம் என்றார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஷர்மிளா பைல்களைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

எழுந்துவிட்டேன். பழைய தாளைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தேன். என் இங்கிலீஷ் கோபத்தில் தடுக்கும். தடுக்கினாலும் சொன்னேன். இந்தப் படிவம் என்னுடையது. இரண்டு கேள்வியை ஒன்றாக்கியதும் நான். ஊழியர்கள் பார்த்ததைத்தான் எழுதினார்கள். தவறு கேள்வியில். இதோ எண்பத்தேழு இடங்களின் புதிய அறிக்கை. ஒரு பைலையாவது திறக்க முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள், நான் அதை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

பிறகு நிஷாந்த் பேசினார். "ஆமாம் சார். படிவம் முழுக்க மிஸஸ் ஏ. ஜெசிந்தா லூர்துராஜ் தயாரித்தது. நாங்கள் நம்பி எடுத்துக்கொண்டோம்." இனிஷியல்கூட விடவில்லை! மூன்று வாரமாக எந்தப் பெயருக்காக வயிறு எரிந்தேனோ அந்தப் பெயர், முழுசாக.

எண்பத்தேழையும் திறக்கச் சொல்லிவிட்டார்கள். படிவத்தை நிறுத்தியாகிவிட்டது.

டிசம்பர் 13, வெள்ளி

சொர்ணத்தாய்க்கு இரண்டு தடவை போன் செய்தேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை.

டிசம்பர் 16, திங்கள்

மெமோ வந்தது. விசாரணை முடியும்வரை வெளிவேலை கிடையாது. கிளெய்ம் போட்டவர்களைச் சந்திக்கவும் கூடாது. தபால் பிரிவில் ஒரு மேஜை. நிஷாந்துக்கு மெமோ இல்லை. ஷர்மிளாவுக்கு வேலை இருக்கிறது, மார்ச்வரை.

காலையிலிருந்து கவர்களுக்கு எண் போட்டேன். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிறது.

டிசம்பர் 20, வெள்ளி

தபால் பிரிவில் ஒரு வசதி, கடிதங்கள் என் கை வழியாகத்தான் போக வேண்டும். சொர்ணத்தாய்க்கு ஒப்புதல் கடிதம் வந்திருந்தது. தபாலில் போட்டால் திங்கள் ஆகும். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். மெமோ என்ன சொன்னால் என்ன?

மில் ஷட்டர் பாதி இறங்கிக் கிடந்தது. உள்ளே தரையில் போல்ட் பிடுங்கிய ஓட்டைகள். பக்கத்து டெய்லர், "காலையிலதான் வண்டில ஏத்துனாவ. பைபாஸ் ரோட்டு இரும்புக்கடைக்கு" என்றார்.

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று தெரியவில்லை. கடை வாசலில் கேஸ் கட்டரின் தீப்பொறி. மிளகாய் மெஷின் இரண்டு துண்டாகக் கிடந்தது. மற்ற இரண்டும் முழுசாக நின்றன. சொர்ணத்தாய் ஓரமாக ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். கடைக்காரர், "வெலை பேசி வாங்கியாச்சு. நீங்க யாரு?" என்றார். அவரிடம் கத்தினேன். கட்டர் பிடித்தவரிடம் கத்தினேன். இருந்த கோபத்தை எல்லாம் அங்கே கொட்டினேன். இரண்டு மெஷினையும் திங்கட்கிழமைவரை வெட்டாமல் வைத்திருப்பதாகவும், கொடுத்த விலைக்கே திருப்பித் தருவதாகவும் அவர் ஒத்துக்கொண்டார்.

கடிதத்தைச் சொர்ணத்தாயிடம் நீட்டினேன். மெதுவாக முழுசும் வாசித்தாள். மடித்து இடுப்பில் செருகினாள்.

"போன் பண்ணுனேன்மா. நீங்க எடுக்கல."

"ஒங்க நம்பருன்னு தெரியும். எடுக்கல."

அப்போதுதான் சொன்னேன். "அந்தக் கேள்விய எழுதினது நான்தான். அன்னைக்கு தெரியலன்னு சொன்னது பொய்."

கத்துவாள் என்று நின்றேன். கையை ஓங்கினாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன். அவள் வெட்டிக் கிடந்த மிளகாய் மெஷினைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நீங்கதான்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். நான் கேட்டதும் ஒங்க மொகம் செத்துட்டு. நான்தான் எழுதுனேன்னு வாயத் தொறந்து சொல்லியிருந்தா நல்லா ஏசியிருப்பேன். ஏசிட்டு, நெசத்தச் சொல்லுதவ, இவ சொன்னா செய்வான்னு பன்னெண்டாந்தேதி என்ன, பொங்கல்வரைக்கும் பொறுத்திருப்பேன். நீங்க தெரியலன்னிய. சரி, இவளும் அவிய ஆளுதான்னு இரும்புக்கடைக்குச் சொல்லி விட்டுட்டேன்."

அவ்வளவுதான். குரல் உயரவே இல்லை. ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டாள்.